வாடகை வீட்டு எலக்ட்ரிக்கல் வேலை: வீடு வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதுல இருந்து ராத்திரி வர்ற போன் கால் வரைக்கும்

வாடகைக்கு விடலாம்னு வீடு வாங்கறவங்க பெயிண்ட், டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ்னு பாத்துப் பாத்து செலவு பண்றாங்க, ஒயரிங்னு வந்தா மட்டும் "லைட் எரியுதுல்ல, அப்புறம் என்ன"ன்னு விட்டுடறாங்க. நாம குடியிருக்கற வீடுன்னா சுவிட்ச் லேசா சூடாகறதும், ஃப்ரிட்ஜைத் தொட்டா சுர்ருங்கறதும், மிக்ஸி போட்டா லைட் மங்கறதும் நம்ம கையிலயும் கண்ணுலயும் தானா மாட்டும். வாடகை வீட்டுல இருக்கறது வேற ஒருத்தர். அவருக்கு இது நார்மலா இல்லையான்னு தெரியாது, தெரிஞ்சாலும் "ஓனர்கிட்ட சொன்னா வாடகை ஏத்திடுவாரோ"ன்னு சொல்ல மாட்டாரு, எக்ஸ்டென்ஷன் போர்டு ஒண்ணு வாங்கி ஓட்டிடுவாரு. அதனால வாடகை வீட்டு ஒயரிங்ங்கறது நமக்கு எந்தத் தகவலும் வராமலே பாதுகாப்பா ஓடணும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுட்டு படிங்க, கீழ சொல்ற வரிசை ஏன் இப்படின்னு புரியும்.

கணக்கெல்லாம் 230 வோல்ட் சப்ளைக்கு போட்டிருக்கேன். 120 வோல்ட் சப்ளை இருக்கற நாட்டுல வீடு வச்சிருக்கீங்கன்னா அதே வாட்ஸுக்கு ஆம்பியர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், அதை மட்டும் மாத்திக்கங்க. வேலை செய்யறது லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியனா இருக்கட்டும். நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன கேக்கணும், எதுக்கு முதல்ல பணம் போடணும், எங்க ஏமாத்துவாங்கங்கறதுதான்.

முதல் படி: வாங்கறதுக்கு முன்னாடியே போர்டைத் திறந்து பாருங்க

வீடு பாக்கப் போறப்ப ஹால் எவ்வளவு பெருசுன்னு பாக்கறதுக்கு முன்னாடி மீட்டர் எங்க, மெயின் சுவிட்ச் எங்க, ஒவ்வொரு ரூமுக்கும் லைன் பிரியற டிபி பாக்ஸ் எங்கன்னு கேளுங்க. டிபி பாக்ஸ் கதவைத் திறந்தாலே பாதி கதை தெரிஞ்சுடும். இன்னும் ஃப்யூஸ் கட்டைதான் இருக்கா, எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) இருக்கா, ஆர்சிசிபின்னு டெஸ்ட் பட்டன் வச்ச ஐட்டம் (கரண்ட் லீக் ஆனா கட் பண்றது) ஒண்ணு இருக்கா, எந்த சுவிட்ச் எந்த ரூமுக்குன்னு எழுதியிருக்கா, காலி ஸ்லாட் மிச்சம் இருக்கா, பிளாஸ்டிக் எங்கயாவது பழுப்பா மாறியிருக்கா. பழுப்பு இருந்தா அந்த இடத்துல சூடு வந்திருக்குன்னு அர்த்தம், வேற விளக்கமே வேணாம்.

அடுத்து ஒயரோட வயசு. வீட்டோட வயசும் ஒயரோட வயசும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, ஆனா விக்கறவர் "ரீஒயரிங் பண்ணியாச்சு"ன்னு சொன்னா பில் கேளுங்க, இல்லேன்னா நாலு சுவிட்ச் போர்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. வெளிய புது சுவிட்ச், உள்ள பழைய ஒயர்ங்கறது ரொம்ப சகஜம். ரொம்பப் பழைய வீடுகள்ல ரப்பர் இன்சுலேஷன் ஒயர் இருக்கும், தொட்டா பொடிப்பொடியா உதிரும், அதுக்கு மாத்தறதைத் தவிர வேற வைத்தியம் கிடையாது. அமெரிக்காவுல 1965ல இருந்து 1973 வரைக்கும் கட்டின வீடுகள்ல அலுமினிய ஒயர் நிறைய போட்டிருக்காங்க. அலுமினியம் சூடானா காப்பரை விட அதிகமா விரியும், ஆறினா சுருங்கும், மேல ஆக்சைடு படியும், ஸ்க்ரூ வருஷா வருஷம் லூசாகிட்டே போகும். 1972க்கு முந்தின அலுமினிய ஒயரிங் வீடுகள்ல ஏதாவது ஒரு கனெக்ஷனாவது தீப்பிடிக்கற அளவுக்குப் போற வாய்ப்பு காப்பர் வீட்டை விட 55 மடங்குன்னு அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு கமிஷனே சொல்லியிருக்கு. ஒயருக்கு நடுவுல எந்தக் குறையும் இருக்காது, முனையிலதான் எல்லாமே. அதனால அலுமினிய வீடுன்னா உடனே ஓட வேண்டாம், ஒவ்வொரு முனையையும் அதுக்குன்னே உள்ள கனெக்டர் போட்டு சரி பண்ண என்ன ஆகும்னு கேட்டு விலையில கழிச்சுடுங்க.

கலரை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க. ஐரோப்பாவுல பிரவுன் ஃபேஸ் (கரண்ட் வர்ற ஒயர்), நீலம் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்). அமெரிக்காவுல கருப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். இந்தியாவுல கருப்பு நியூட்ரல், நீலம் மூணாவது ஃபேஸ். ஆக ஒரு ஊர்ல கரண்ட் இருக்கற கலர் இன்னொரு ஊர்ல நியூட்ரல். இது போதாதுன்னு கையில மிச்சமிருந்த ஒயரை வச்சு வேலை முடிச்சவங்க எல்லா ஊர்லயும் உண்டு.

ரெண்டாவது படி: வாய்ப்பேச்சு வேணாம், டெஸ்ட் ரிப்போர்ட் வேணும்

"நான் பாத்துட்டேன் சார், எல்லாம் நல்லாதான் இருக்கு"ன்னு சொல்றது டெஸ்ட் இல்ல. எழுத்துல நம்பர் வேணும். என்னென்ன கேக்கணும்னா:

இன்சுலேஷன் டெஸ்ட். மெகர்னு சொல்ற மீட்டரை வச்சு 500 வோல்ட் டிசி குடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல எத்தனை மெகாஓம்னு பாப்பாங்க. சர்வதேச அளவுல ஒத்துக்கிட்ட குறைஞ்சபட்சம் 1 மெகாஓம், ஆனா நல்லா இருக்கற வீட்டுல இது நூறு, இருநூறுன்னு சாதாரணமா வரும். 2, 3 மெகாஓம் வந்தா பாஸ்தான், ஆனா எங்கயோ ஈரமோ தேய்மானமோ இருக்கு, அடுத்த மழைக்கு திரும்ப அளக்கணும். இந்த டெஸ்டுக்கு முன்னாடி எல்லா எலக்ட்ரானிக் ஐட்டத்தையும் கழட்டச் சொல்லுங்க, இல்லேன்னா டிரைவர் வச்ச எல்இடி லைட்டெல்லாம் போயிடும்.

எர்த் டெஸ்ட். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, கொஞ்சம் விரிவா சொல்றேன். எர்த் ஒயரே இழுக்காத பழைய வீட்டுல மூணு பின் சாக்கெட் மாட்டிட்டு, உள்ள எர்த் பின்னுக்கும் நியூட்ரலுக்கும் ஒரு சின்ன ஒயரை கோத்து விட்டுடுவாங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்ப் வச்சுப் பாத்தா பளிச்சுனு எரியும், சாக்கெட் டெஸ்டர் மாட்டினா சரின்னு காட்டும். ஆனா எங்கயாவது அந்த நியூட்ரல் அறுந்துச்சுன்னா, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாத்தோட இரும்பு பாடிக்கும் நேரா 230 வோல்ட் வந்துடும். எர்த்தே இல்லாம இருக்கறதை விட இது மோசம். இதை மீட்டர் வச்சுக் கண்டுபிடிக்கறது கஷ்டம், சாக்கெட்டைக் கழட்டிக் கண்ணால பாத்தாதான் தெரியும், அதனால நாலஞ்சு சாக்கெட்டையாவது உங்க முன்னாடி கழட்டச் சொல்லுங்க.

ஆர்சிசிபி டைமிங் டெஸ்ட். பட்டன் அமுக்கி விழுதான்னு, அதாவது தானா ஆஃப் ஆகுதான்னு பாக்கறது வேற, மீட்டர் வச்சு எத்தனை மில்லி செகண்ட்ல விழுதுன்னு பாக்கறது வேற. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் லீக்குக்கு 300 மில்லி செகண்டுக்குள்ள விழணும், அஞ்சு மடங்கு குடுத்தா 40க்குள்ள.

போலாரிட்டியும் பாத்துடுங்க, அதாவது சுவிட்ச் ஃபேஸைத்தான் கட் பண்ணுதா நியூட்ரலையான்னு. நியூட்ரல்ல சுவிட்ச் இருந்தா லைட்டை அணைச்சுட்டு பல்ப் மாத்தறவர் ஹோல்டர்ல கைய வச்சா ஷாக்.

இங்கிலாந்துல வாடகை வீடுகளுக்கு இந்த மாதிரி டெஸ்ட் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம். புது வாடகை ஒப்பந்தத்துக்கு 2020 ஜூலையில இருந்தும், ஏற்கனவே குடியிருந்தவங்களுக்கு 2021 ஏப்ரல்ல இருந்தும் வந்துச்சு, ரிப்போர்ட் காப்பியை குடியிருக்கறவருக்கு 28 நாளுக்குள்ள குடுத்தாகணும். உங்க நாட்டுல சட்டம் இல்லேன்னாலும் அந்த அஞ்சு வருஷத்தையே கணக்கா வச்சுக்கலாம், அதிகம்னு சொல்ல முடியாது.

மூணாவது படி: பணத்தை எந்த வரிசையில போடறது

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் லிஸ்ட் நீளமா இருக்கும், பட்ஜெட் சின்னதா இருக்கும். இங்கதான் பல பேர் கண்ணுக்குத் தெரியற வேலையை முதல்ல பண்ணி கண்ணுக்குத் தெரியாததைத் தள்ளிப் போடறாங்க. நான் சொல்ற வரிசை: ஆளைக் கொல்றது எதுவோ அது முதல்ல, வீட்டை எரிக்கறது ரெண்டாவது, அடிக்கடி ட்ரிப் ஆகி போன் வர வைக்கறது மூணாவது, அழகும் வசதியும் கடைசி. எர்த், ஆர்சிசிபி, திறந்து கிடக்கற ஜாயிண்ட், பாத்ரூம் பக்கத்துல இருக்கற சாக்கெட் இதெல்லாம் முதல் ரெண்டுல வரும். மாடுலர் சுவிட்ச், ஸ்பாட் லைட், யுஎஸ்பி சாக்கெட் எல்லாம் நாலாவது. வாடகைக்கு வர்றவர் கேக்கறது நாலாவதைத்தான், அதுல தப்பில்ல, ஆனா முதல் மூணு முடியாம அங்க போகாதீங்க.

நாலாவது படி: ஆர்சிசிபி, இதுல சமரசமே வேணாம்

எம்சிபி இருக்கே அது போதாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. எம்சிபி காப்பாத்தறது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி விழணும்னா 16 ஆம்பியருக்கு மேல போகணும், மனுஷன் உடம்புல 0.03 ஆம்பியர் போனாலே இதயத்துக்கு ஆபத்து ஆரம்பிச்சுடும். நீங்க துடிச்சுட்டு இருந்தாலும் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்ப் எரியற மாதிரிதான். ஆர்சிசிபி என்ன பண்ணுதுன்னா ஃபேஸ்ல போன கரண்ட் முழுசா நியூட்ரல்ல திரும்பி வருதான்னு பாத்துட்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா கட் பண்ணிடும். அமெரிக்காவுல சாக்கெட்லயே வர்ற இதே வகை ஐட்டம் 4ல இருந்து 6 மில்லி ஆம்பியர்லயே விழுந்துடும். 100, 300 மில்லி ஆம்பியர்னு விக்கறதெல்லாம் தீ விபத்துக்கு, ஆளைக் காப்பாத்தாது, கடையில விலை கம்மின்னு அதைக் குடுத்தா வாங்கிடாதீங்க.

வாடகை வீட்டுக்குன்னு சில விஷயம். வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி போட்டா, குடியிருக்கறவரோட பழைய அயர்ன் பாக்ஸ் லீக் ஆனாலும் ஃப்ரிட்ஜ்ல இருந்து வைஃபை வரைக்கும் எல்லாம் போயிடும், ரெண்டு மூணு தடவை ஆனதும் யாரோ ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணி விட்டுடுவாங்க, உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதைத் தடுக்க நல்லா பேசறதை விட நல்லா பிரிக்கறதுதான் வழி. லைட் ஒரு பக்கம், சாக்கெட் ஒரு பக்கம், பாத்ரூம் ஹீட்டர் தனின்னு குறைஞ்சது ரெண்டு மூணா பிரிங்க, பட்ஜெட் இருந்தா ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஆர்சிபிஓ போட்டுடுங்க, அதுல எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒண்ணா இருக்கும். பிரிக்கறப்ப நியூட்ரலையும் பிரிக்கணும். ஒரு ஆர்சிசிபியோட ஃபேஸ் போய் இன்னொன்னோட நியூட்ரல்ல திரும்பினா ரெண்டும் காரணமே இல்லாம விழுந்துட்டே இருக்கும், எலக்ட்ரீஷியன் "பீஸ் டூப்ளிகேட் சார்"னு சொல்லுவாரு. ஆர்சிசிபி மேல "Type AC"ன்னு எழுதினதை விட "Type A"ன்னு எழுதினது வாங்குங்க, இப்ப இருக்கற இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் நிறைஞ்சது, அதுங்க லீக் பண்ற கரண்டை "Type AC" சரியா பிடிக்காம போகலாம்.

எர்த் இல்லாத பழைய வீட்டுலயும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஏன்னா அது பாக்கறது ஃபேஸ், நியூட்ரல் வித்தியாசத்தை மட்டும்தான். ஒரே வித்தியாசம், எர்த் இருந்தா பாடியில லீக் வந்த நொடியே விழும், எர்த் இல்லேன்னா யாராவது தொட்டப்புறம்தான் விழும். ஷாக் அடிக்கும், ஆனா பிடிச்சு இழுத்து வச்சுக்காது. ரீஒயரிங்குக்கு பணம் சேர்ற வரைக்கும் இது ஒரு நல்ல இடைக்கால ஏற்பாடு. இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஒரு கையில ஃபேஸும் இன்னொரு கையில நியூட்ரலும் பிடிச்சா ஆர்சிசிபிக்குத் தெரியாது, அதுக்கு நீங்களும் ஒரு லோடுதான்.

அஞ்சாவது படி: லூஸ் கனெக்ஷன்

வீட்டுல தீப்பிடிச்சா "ஷார்ட் சர்க்யூட்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. நேரடி ஷார்ட்னா எம்சிபி கண்ணிமைக்கற நேரத்துல விழுந்துடும். விழாம உக்காந்து எரிக்கறது லூஸ் கனெக்ஷன். கணக்கு போட்டுப் பாருங்க: ஹீட்டர் சாக்கெட் பின்னாடி ஒரு ஸ்க்ரூ லூசாகி 0.5 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சு, 10 ஆம்பியர் போகுது. 10 ஸ்கொயர் 100, அதை 0.5ஆல பெருக்கினா 50 வாட்ஸ். சுவத்துக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில ஒரு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி வச்ச மாதிரி. எம்சிபி பாக்கறது 10 ஆம்பியர், அது லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, அதனால விழாது. ஆர்சிசிபி பாக்கறது லீக், லீக் இல்ல, அதுவும் விழாது. ரெண்டு காவலாளியும் முழிச்சுட்டுதான் இருக்காங்க, திருடன் அவங்க பாக்காத பக்கமா வர்றான்.

அதனால இதுக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் பாதுகாப்பு. ஒரு குடும்பம் காலி பண்ணி அடுத்தவர் வர்றதுக்கு முன்னாடி, மெயினை ஆஃப் பண்ணிட்டு டிபி பாக்ஸ்ல இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூவையும், ஹீட்டர், ஏசி, சமையலறை சாக்கெட்டுகளையும் டைட் பண்ணச் சொல்லுங்க, அரை நாள் வேலை கூட இல்ல. ஒயர் முனையில காப்பர் கறுத்திருந்தா அந்த நீளத்தை வெட்டிட்டு புது முனை எடுத்துக் கோக்கணும், கறுத்ததையே திரும்ப முறுக்கினா மறுபடியும் சூடாகும். சுவத்துக்குள்ள டேப் சுத்தின ஜாயிண்ட் ஒண்ணு கூட இருக்கக் கூடாது, ஜாயிண்ட்னா ஜங்ஷன் பாக்ஸ்ல கனெக்டரோட, மூடி திறந்து பாக்கற மாதிரி இருக்கணும்.

குடியிருக்கறவருக்கு சொல்லித் தர வேண்டிய வாசனை ஒண்ணு இருக்கு. மீனே இல்லாத இடத்துல மீன் கவிச்சி மாதிரி வந்தா சாக்கெட்டோ சுவிட்சோ சூடாகி பிளாஸ்டிக் வேகுதுன்னு அர்த்தம். நிறைய பேர் எலி செத்துடுச்சுன்னு தேடிட்டு இருப்பாங்க.

மூணு ஃபேஸ் கனெக்ஷன் இருக்கற கட்டடத்துல மெயின் நியூட்ரல் லூசானா இன்னும் மோசம். ஒரு பக்கம் வோல்டேஜ் இறங்கி இன்னொரு பக்கம் 400ஐ நெருங்கிடும், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்துல போகும். சில லைட் பளிச்சுனும் சில லைட் மங்கலாவும் எரியுதுன்னு கம்ப்ளைண்ட் வந்தா "நாளைக்கு பாக்கலாம்"னு சொல்லாம அப்பவே மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிடுங்க.

ஆறாவது படி: லோடு கணக்கு

பழைய வீடுகள் கட்டினப்ப லைட்டு, ஃபேனு, ஒரு டிவி, அவ்வளவுதான் கணக்கு. இன்னைக்கு வர்ற குடும்பம் என்ன கொண்டு வருதுன்னு பாருங்க: 1.5 டன் ஏசி ரெண்டு, ஒவ்வொண்ணும் 7, 8 ஆம்பியர். 2000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் 8.7. இண்டக்ஷன் அடுப்பு இன்னொரு 8.7. எலக்ட்ரிக் கெட்டில் 6.5. காலைல எல்லாம் ஒண்ணா ஓடினா 39 ஆம்பியர் பக்கம் வந்துடும். மெயின் 32 ஆம்பியர்னா அது உடனே விழாது, எம்சிபியோட குணமே அப்படி, கொஞ்சம் அதிகமானா சூடாகி நிதானமா விழும். அதனாலதான் "சில நாள் மட்டும் போகுதுங்க, ஏன்னே தெரியல"ங்கற கம்ப்ளைண்ட் வருது. காரணம் ஆவி இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல குளிக்கறதுதான்.

அப்ப எலக்ட்ரீஷியன் வந்து 16 ஆம்பியர் எம்சிபியைக் கழட்டி 32 போட்டுட்டு "இனிமே விழாது சார்"னு சொல்லிட்டுப் போவாரு. விழாதுதான், அதுக்கு பதிலா ஒயர் எரியும். பொதுவா 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு 6 இல்லேன்னா 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20ல இருந்து 25, இதைத் தாண்டி எம்சிபி போட விடாதீங்க. ட்ரிப் ஆகுதுன்னா எம்சிபியைப் பெருசாக்கறது கிடையாது, தனி சர்க்யூட் இழுக்கறது. ஏசி ஒவ்வொண்ணுக்கும், வாட்டர் ஹீட்டருக்கும், சமையலறைக்கும் டிபி பாக்ஸ்ல இருந்து நேரா தனி ஒயர். கூட்டினாலும் பத்தலேன்னா சப்ளை கம்பெனிகிட்ட அனுமதி லோடை, அதாவது உங்க வீட்டுக்கு அவங்க ஒத்துக்கிட்ட அதிகபட்ச லோடை, ஏத்தி வாங்கணும், அதுக்கு மீட்டர்ல இருந்து மெயின் வரைக்கும் வர்ற கேபிளும் தாங்கணும்.

எலக்ட்ரிக் வண்டி சார்ஜர் கேட்டு இப்பல்லாம் குடியிருக்கறவங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. 32 ஆம்பியர் சார்ஜர்னா 7 கிலோவாட்டுக்கு மேல, அதுவும் ராத்திரி முழுக்க நிக்காம. சாதாரண சாக்கெட்ல எக்ஸ்டென்ஷன் போட்டு வண்டி சார்ஜ் பண்றதை ஒப்பந்தத்துலயே எழுதித் தடுத்துடுங்க, வேணும்னா தனி சர்க்யூட் போட்டுத் தந்து வாடகையில பேசிக்கலாம்.

சாக்கெட் எண்ணிக்கை சின்ன விஷயம் மாதிரி தெரியும். படுக்கைக்குப் பக்கத்துல ரெண்டு, டிவி இடத்துல நாலு, சமையல் மேடையில நாலுன்னு வச்சுட்டா வீட்டுல எக்ஸ்டென்ஷன் போர்டு பாதியாக் குறையும்.

ஏழாவது படி: ஒட்டுப் போடறதா, முழுசா ரீஒயரிங்கா

ரப்பர் ஒயர், எர்த்தே இல்ல, இன்சுலேஷன் டெஸ்ட் பல சர்க்யூட்ல ஃபெயில், இதுல எது இருந்தாலும் ஒட்டுப் போடறது வேஸ்ட். பிவிசி ஒயர், இன்சுலேஷன் நல்லா இருக்கு, ஆனா சர்க்யூட் பத்தலேன்னா டிபி பாக்ஸை மட்டும் பெருசாக்கி தேவையான புது லைன் இழுத்துக்கலாம். நடுவுல நிக்கற கேஸ்தான் தலைவலி. அதுக்கு நான் பாக்கறது ரெண்டே விஷயம்: பைப்புக்குள்ள இருக்கற பழைய ஒயரை இழுத்தா வருதா, வீடு இப்ப காலியா இருக்கா. பைப் வழியா ஒயர் வந்துடுச்சுன்னா சுவத்தை உடைக்காம புது ஒயர் போயிடும், செலவு பாதியாகும். வீடு காலியா இருக்கறப்ப பண்ணா ஒரு மாச வாடகைதான் போகும், ஆள் இருக்கறப்ப பண்ணா ரூம் ரூமா, தூசி தூசியா, சண்டை சண்டையா போகும். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியான்னு கேக்க வேண்டியதே இல்லைன்னு நினைப்பேன், ஆனா பெயிண்ட் அடிச்சு முடிச்சப்புறம் சுவத்தை வெட்டறவங்களும் இருக்காங்க.

ரீஒயரிங் பண்ணா சுவர் பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்தையும் டேப் அளவை வச்சு போட்டோ எடுத்து வைங்க. பிற்காலத்துல யாராவது ஆணி அடிக்கறப்ப, ஏசி மாட்ட துளை போடறப்ப, அந்த போட்டோவுக்கு இருக்கற மதிப்பு அப்பதான் தெரியும். டிபி பாக்ஸ் உள்பக்கம் எந்த எம்சிபி எதுக்குன்னு பெரிய எழுத்துல ஒட்டுங்க, "எம்சிபி 4"ன்னு எழுதினா குடியிருக்கறவருக்கு என்ன புரியும், "பின்பக்க பெட்ரூம் ஏசி"ன்னு எழுதுங்க. கொட்டேஷன் வாங்கறப்ப மொத்தமா ஒரு தொகையை வாங்காதீங்க, எத்தனை பாயிண்ட், எந்த சைஸ் ஒயர், எந்த கம்பெனி எம்சிபி, வேலை முடிஞ்சதும் டெஸ்ட் ரிப்போர்ட் உண்டா, எல்லாம் வரி வரியா இருக்கணும். கடைசி தவணையை ரிப்போர்ட் கைக்கு வந்தப்புறம் குடுங்க.

எட்டாவது படி: மீட்டர் யாருக்குப் போகுது

ஒரே கட்டடத்துல ரெண்டு மூணு வீடு இருந்தா, ஒரு வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு அடுத்த வீட்டுலயும் மாடிப்படியிலயும் எது அணையுதுன்னு நடந்து பாருங்க. மாடிப்படி லைட்டும் தண்ணி மோட்டாரும் கீழ் வீட்டு மீட்டர்ல ஓடிட்டு இருக்கும், அவரு வருஷக்கணக்கா ஊருக்கே கரண்ட் பில் கட்டிட்டு இருப்பாரு, ஒருநாள் தெரிஞ்சா நியாயமாவே கோவப்படுவாரு. பொது லைட், மோட்டாருக்கு தனி மீட்டர் போட்டுட்டா இந்தத் தகராறே வராது. இன்வெர்ட்டர் இருந்தா அதோட நியூட்ரல் எந்த வீட்டோடதுன்னும் பாத்துடுங்க. மெயினை ஆஃப் பண்ணாலும் இன்வெர்ட்டர் சர்க்யூட்ல கரண்ட் இருக்கும்னு டிபி பாக்ஸ் மேலயே எழுதி ஒட்டணும், வேலை பாக்க வர்ற ஆள் உயிர் சம்பந்தப்பட்டது.

ஒன்பதாவது படி: ராத்திரி போன் வந்தா

கரண்ட் சம்பந்தமா வர்ற கம்ப்ளைண்ட்டை எல்லாம் ஒரே அவசரத்துல பாக்க முடியாது. தொட்டா ஷாக், எரியற வாசனை, புகை, சுவிட்ச் போர்டுல இருந்து சரசரன்னு சத்தம், தண்ணி ஒழுகி போர்டுல இறங்குது, லைட் ஒண்ணு பளிச்சுனு இன்னொண்ணு மங்கலா, இதெல்லாம் அன்னைக்கே. முதல்ல மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, போர்டு நனைஞ்சிருந்தா கிட்டயே போக வேணாம்னு சொல்லுங்க. ஒரு சாக்கெட் வேலை செய்யல, ஒரு ஃபேன் ஓடல, இது ரெண்டு நாள்ல. கூடுதலா ஒரு பாயிண்ட் வேணும்ங்கறது பேசிக்கலாம்.

ஆர்சிசிபி விழுந்துடுச்சுன்னு போன் வந்தா போன்லயே பாதி வேலை முடிக்கலாம். எல்லா பிளக்கையும் கழட்டச் சொல்லுங்க, சுவிட்ச் ஆஃப் பண்றது பத்தாது, கழட்டணும். ஆர்சிசிபியைத் தூக்கச் சொல்லுங்க. நின்னுச்சுன்னா ஒவ்வொண்ணா மாட்டச் சொல்லுங்க, எது மாட்டறப்ப விழுதோ அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ. எல்லாம் கழட்டி எல்லா எம்சிபியும் ஆஃப் பண்ணியும் நிக்கலேன்னா நியூட்ரல் எங்கயோ எர்த்தோட ஒட்டிட்டு இருக்கு, சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் கட் பண்ணும்ங்கறதால அது அணையல. அதுக்கு ஆள் போய்த்தான் ஆகணும். திரும்பத் திரும்ப தூக்கி விட்டுட்டு இருக்க வேணாம்னு அழுத்திச் சொல்லுங்க.

இதுல யார் காசு குடுக்கறதுங்கறதை ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. சுவத்துக்குள்ள, டிபி பாக்ஸுக்குள்ள இருக்கறது உங்க பொறுப்பு, அவரு கொண்டு வந்து சொருகினது அவரு பொறுப்பு, அவரு பொருளால உங்க சாக்கெட் உருகினா போட்டோ எடுத்து வச்சுட்டு பேசிக்கங்க. உங்ககிட்ட சொல்லாம வெளி ஆளை வச்சு போர்டைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு வரி, அதோட நீங்க இத்தனை மணி நேரத்துல ஆள் அனுப்புவேன்னு ஒரு வரி. ரெண்டாவது வரி இல்லாம முதல் வரியை எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க.

பத்தாவது படி: ஃபைல்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபோல்டர், அதுல டெஸ்ட் ரிப்போர்ட், பில், சுவர் போட்டோ, டிபி பாக்ஸ் போட்டோ, கம்ப்ளைண்ட் வந்த தேதி, ஆள் போன தேதி. நாளைக்கு ஏதாவது விபத்துன்னா இன்சூரன்ஸ்காரரும் வக்கீலும் கேக்கறது இதைத்தான். பழைய ஒயரிங்கை மறைச்சு இன்சூரன்ஸ் எடுத்தா கிளெய்ம் நேரத்துல மாட்டுவீங்க. வரிக் கணக்குல உடைஞ்சதை சரி பண்றது ஒரு தலைப்புலயும் முழு ரீஒயரிங் மாதிரி வீட்டை மேம்படுத்தறது இன்னொரு தலைப்புலயும் போறது பல நாட்டு வழக்கம், அதனால பில்லை ரெண்டாப் பிரிச்சு வாங்கி ஆடிட்டர்கிட்ட காட்டுங்க.

குடி மாறும்போது பண்ண வேண்டிய லிஸ்டையும் அதே ஃபோல்டர்ல வைங்க: ஆர்சிசிபி பட்டனை அமுக்கி விழுதான்னு பாக்கறது, டிபி பாக்ஸ் ஸ்க்ரூ டைட் பண்றது, எல்லா சாக்கெட்லயும் பிளக் லூசா நிக்குதான்னு சொருகிப் பாக்கறது, போன குடித்தனக்காரர் எங்கயாவது ஒயர் நீட்டியிருக்காரான்னு லாஃப்ட், பால்கனி, ஏசி பின்பக்கம் பாக்கறது, ஸ்மோக் அலாரம் இருந்தா தயாரிச்ச வருஷம் பாத்து 10 வருஷம் ஆகியிருந்தா மாத்தறது. புதுசா வர்றவர் சாவி வாங்கற அன்னைக்கு அவரை டிபி பாக்ஸ் முன்னாடி கூட்டிட்டுப் போய் மெயினை அவரு கையாலயே ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ண விடுங்க, அப்படியே டெஸ்ட் பட்டனையும் காட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிட்டு மெசேஜ் போடச் சொல்லுங்க.